அரைக் கோப்பைத் தேத்தண்ணி

என் அம்மா காலையில் அரைக் கோப்பைக்கு மேல் தேத்தண்ணி குடித்து நான் பார்த்ததில்லை. ஊற்றிக்கொள்வது முழுக் கோப்பைதான். பாதி இறங்கியதும் அடுப்படியில் வைத்துவிடுவாள். "போதும், மலைக்குப் போறேன்ல" என்பாள். மீதியை அண்ணன் குடிப்பான். அவன் எழும்பாவிட்டால் நான் குடிப்பேன். ஆறின தேத்தண்ணி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். அம்மாவின் மிச்சத்தைக் குடித்து வளர்ந்த நாக்கு.

காரணம் நான் பெரிய பிள்ளையான பிறகுதான் புரிந்தது. தேயிலை மலையில் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. காலையில் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறினால், சாயந்தரம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு இறங்கும்வரை அதே சரிவுதான். மேலே கங்காணி நிற்பார். கீழே மருந்தடிக்கிற ஆம்பளைகள் நிற்பார்கள். செடி இடுப்பு உயரம்தான், அதற்குள் குந்தினால் அட்டை வேறு. ஆகவே பெண்கள் தங்களுக்கென்று ஒரு வழி வைத்திருந்தார்கள். குடிக்காமல் இருப்பது. குடித்தால்தானே போக வேண்டும்? மத்தியானம் ரொட்டி தொண்டையில் இறங்க ஒரு மிடறு, அவ்வளவுதான். என் அம்மா இதில் கெட்டிக்காரி. "காலையில வீட்ட விட்டா, மறுபடி சாயந்தரம் வீட்டுலதான்" என்று பந்தயத்தில் ஜெயித்தவள்போல் சொல்லுவாள். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் லுணுகலைக்கு மேலே இருக்கிறது. நான் படித்து டீச்சராகிப் பதுளையில் வாடகைக்கு வீடு பிடித்து வந்துவிட்டேன். வகுப்பில் பெண் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவராவிட்டால் சாமியாடிவிடுவேன். என்னைத் 'தண்ணி டீச்சர்' என்று அவர்கள் பட்டம் வைத்திருப்பது எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்துகொள்கிறேன். ஊரார் பிள்ளைகளைக் குடிக்க வைத்த எனக்குப் பெற்ற தாயைக் குடிக்க வைக்கத் தெரியவில்லை. வயதாகி வேலையை விட்டு நின்ற பிறகும் அவள் அரைக் கோப்பையை விடவில்லை. "இப்ப எந்த மலைக்கும்மா போற?" என்று கேட்டால், "பழகிருச்சு புள்ள" என்பாள்.

அவள் விழுந்தது ஒரு மழைக் காலையில். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லா வீட்டுக்கும் சேர்த்துக் கக்கூசுகள் பின்னால், பள்ளத்தில், படி இறங்கிப் போக வேண்டும். பாசி பிடித்த படி. கையில் வாளி. காலை வைத்த இடம் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்துபோனது. அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் லொறியில் மெத்தையை விரித்து, அதில் அவளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை சொல்ல யாராவது அகப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் பாடசாலையில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபத்தை இறக்கி வைக்க ஒரு தலை கிடைக்கவில்லை என்பதுதான் இந்தக் கதை.

இடுப்பு முறிந்தவளை அசைக்க முடியாது. ஆகவே வந்த அன்றே சிறுநீர் போகக் குழாய் போட்டார்கள். குழாயின் மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் பை. கட்டிலின் பக்கச் சட்டத்தில், கீழே, ஒரு கொக்கியில் அதைத் தொங்கவிட்டார்கள். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு என்னோடும் பேசவில்லை.

மறுநாள் நான் போனபோது ஆளே வேறாக இருந்தாள்.

"ஏ புள்ள, கிட்ட வா" என்று கூப்பிட்டு என் காதுக்குள் சொன்னாள். "இது நல்லாத்தான் இருக்கு. எந்திரிக்க வேணாம், போக வேணாம், யாருகிட்டயும் கேக்க வேணாம். அது பாட்டுக்குப் போகுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயுள் முழுக்க அடக்கி வைத்தவளுக்கு அப்படித்தானே தோன்றும். ஆனால் அவள் ஆசைப்பட்டது குழாய்க்கு அல்ல. அவள் ஆசை வேறு.

அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவன் அண்ணன். அவன் மேசன் வேலை செய்கிறவன். அம்மா விழுந்த ஆத்திரத்தில் வீட்டுக்குப் பின்சுவரோடு ஒட்டிச் சொந்தமாக ஒரு கக்கூசு கட்டத் தொடங்கிவிட்டான். ஒபரேஷனுக்குப் பிறகு அவள் குந்தக் கூடாது என்று டொக்டர் சொன்னதால், கதிரைபோல் உட்காருகிற கொமட் ஒன்றை வாங்கி வந்தான். அதைப் பார்க்க லயமே திரண்டு வந்ததாம். பார்வை நேரத்தில் அவன் கையால் அளவு காட்டிக்காட்டி விளக்க, அம்மா கண் கொட்டாமல் கேட்டாள்.

"கதவுக்கு உள் தாப்பா இருக்குமாடா?"

"இருக்கும்மா."

"அப்ப சரி. நான் நடந்து வந்து, உள்ள போயி, தாப்பாளப் போட்டுட்டு, ஆற அமர உக்காரணும். எவளும் கதவத் தட்டக் கூடாது."

ஒவ்வொரு நாளும் அண்ணனிடம் கேட்பாள், சுவர் எவ்வளவு எழும்பிவிட்டது என்று. வீட்டுக்குப் போக வேண்டும், நடந்து போக வேண்டும், அந்தக் கதவைச் சாத்த வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஒபரேஷன் நன்றாக முடிந்தது. முடிந்த மறுநாளே குழாயைக் கழற்றிவிட்டார்கள். அந்த வார்ட்டுப் பெண் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எங்களுக்கு விளக்கமாகச் சொன்னாள்.

"உந்தக் குழாய் கன நாளைக்கு இருக்கக் கூடாது. மூத்திரம் வெளியிலை வாற வழியாலை கிருமி உள்ளுக்குப் போயிடும். வயசான ஆக்களுக்கு அது பொல்லாதது. அதுதான் கெதியாக் கழட்டுறம்."

அம்மாவுக்கு அந்தத் தமிழ் வேடிக்கையாக இருந்தது. "பாட்டுப் படிக்கிற மாதிரி பேசுது அந்தப் புள்ள" என்றாள். சொன்ன விஷயம் காதில் ஏறவில்லை.

குழாய் போனதும் வந்தது சங்கடம். பெட்பேன் வைத்தார்கள். சுற்றிலும் மறைப்புத் துணி இழுத்தார்கள். அம்மாவுக்கு வரவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நடக்கும் சத்தம் கேட்கிறது, யாரோ சிரிக்கிறார்கள், தட்டு விழுகிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். "வரல, எடுத்துருங்க" என்றாள். மறுபடி வைத்தார்கள். மறுபடி வரவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். நான் திட்டினேன், கெஞ்சினேன். மலையில் காலையிலிருந்து சாயந்தரம்வரை பூட்டி வைத்த உடம்பு, திற என்றால் திறக்கத் தெரியாமல் நின்றது. அவள் அடிவயிறு கல்லாகிப்போனது. டொக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரமும் எப்பிடியம்மா தாங்கினீங்கள்?" என்று கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் குழாயை மறுபடி போட்டார்கள். கொஞ்சம் எழுந்து உட்காரத் தொடங்கியதும் கழற்றிவிடலாம் என்றார்கள். அம்மாவின் முகம் தெளிந்தது. அவளுக்குக் குழாய் திரும்பி வந்தது நல்ல செய்தி.

அந்த வார்ட்டில் ஒரு சிங்களத் தாதி இருந்தாள். சின்ன வயது. தமிழ் அரைகுறை, ஆனாலும் பேசாமல் விடமாட்டாள். வந்ததும் கையில் மருந்துத் தண்ணீரைத் தேய்த்துக்கொள்வாள், எங்களையும் தேய்க்க வைப்பாள். பையைக் காட்டி என்னிடம் சிங்களத்தில் விவரமாகச் சொன்னாள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். தரையிலும் படக் கூடாது. குழாய் மடங்கக் கூடாது. பை உயர்ந்தால், வெளியே வந்த சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். பிறகு அம்மாவிடம் திரும்பித் தன் தமிழில் சொன்னாள்.

"அம்மே, பை கீழே. எப்பவும் கீழே. மேலே வேணாம். தண்ணி நெறைய குடி. சரியா?"

"சரிங்க மிஸ்" என்றாள் அம்மா, வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைபோல்.

நான் எல்லாவற்றையும் அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்தேன். அண்ணி, அண்ணனின் மனைவி, இன்னும் மலையில் கொழுந்து பறிக்கிறவள். பெண்கள் வார்ட்டில் பெண்தான் கூட இருக்க முடியும் என்பதால் வேலையை விட்டுவிட்டு வந்து அம்மாவோடு இருந்தாள். எனக்குப் பாடசாலை இருந்தது. லீவு எடுத்திருக்கலாம்தான், பரீட்சை நேரம் என்று எடுக்கவில்லை. அண்ணி அம்மாவைத் துடைப்பது, தலை வாரிவிடுவது, கையைக் கழுவுவது எல்லாவற்றையும் நறுவிசாகச் செய்தாள். நான் ஒரு சொல் குறை சொல்ல இடமில்லாமல் செய்தாள். சொன்னேனே, எனக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்று.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அம்மா யாருக்கும் மசியவில்லை. போத்தலை வாயருகே கொண்டுபோனால் உதட்டை நனைத்துவிட்டுத் தள்ளிவிடுவாள்.

"இப்பக் குடிக்கிறியா இல்லையா?" என்று நான் கத்துவேன்.

"குடிச்சா அந்தப் பை ரொம்பிரும் புள்ள. அப்புறம் அந்த மிஸ்சு குனிஞ்சு குனிஞ்சு ஊத்தணும். பாவம்ல."

"அது அவங்க வேலைம்மா!"

"வேலைன்னா? என் மூத்திரத்த ஊத்தவா அந்தப் புள்ள படிச்சிட்டு வந்துச்சு?"

நான் தலையில் அடித்துக்கொள்வேன். பக்கத்துக் கட்டில்காரிகள் சிரிப்பார்கள். அம்மா வெற்றியோடு கண்ணை மூடிக்கொள்வாள். எத்தனையோ முறை இந்தச் சண்டை நடந்தது. இப்போது அந்தச் சண்டைகளில் ஒன்றைத் திரும்பப் போட ஒரு வாய்ப்புக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை.

அண்ணியின் பிறந்த வீடு அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அங்கிருந்து சம்பந்தி வீட்டார், அண்ணியின் அப்பா, சித்தப்பா, பெரியம்மா எல்லோரும் ஒரு வேன் பிடித்து அம்மாவைப் பார்க்க வந்தார்கள். அந்தப் பக்கத்துக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரை இங்கேயும் கழற்றாமல், ஆளுக்கொரு பையோடு வந்தார்கள். எங்கள் ஆட்கள் நோயாளி பார்க்கப் போனால் வெறுங்கையோடு போகமாட்டார்கள். பிஸ்கட், மால்ட், தோடம்பழம் எல்லாம் கட்டில் கொள்ளாமல் குவிந்திருந்தது.

நான் பிந்தித்தான் போனேன், அம்மாவுக்குக் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு. போனபோது கட்டிலைச் சுற்றி ஒரே பேச்சும் சிரிப்பும். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையணையில் சாய்ந்து, சம்பந்தியோடு பேசிக்கொண்டிருந்தாள். அண்ணன் கட்டுகிற கக்கூசுதான் பேச்சு.

"சம்பந்தியம்மா, சிம்மாசனம் ரெடியாகுதாமே?" என்று அண்ணியின் அப்பா கிண்டல் செய்தார்.

"ஆமாங்க. நீங்களும் வந்து ஒரு நாளைக்கு ஒக்காந்து பாத்துட்டுப் போங்க" என்றாள் அம்மா.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சம்பந்தி ஆம்பளையிடம் அம்மா அப்படி வாயாடி நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அதுதான். அவள் இடுப்புக்குப் பக்கத்தில் போர்வைக்குள் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. குவிந்து கிடந்த தோடம்பழப் பைகளில் ஒன்று உள்ளே போய்விட்டது என்று நினைத்தேன். அதை எடுத்து வைக்கக்கூடக் கை நீட்டினேன். அதற்குள் யாரோ தேத்தண்ணி நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

இதை எழுதும்போதும் அந்தக் கை பாதியில் நிற்கிறது.

மணி அடித்ததும் எல்லோரும் கிளம்பினார்கள். அவர்களை வாசல்வரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது புடைப்பு இல்லை. பை கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதையும் கவனிக்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் அம்மா கொஞ்சம் சோர்வாக இருந்தாள். வந்தவர்களோடு பேசின களைப்பு என்றாள். ஒரு நாள் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது அண்ணியின் போன் வந்தது.

"டீச்சரு, வந்துருங்க. அத்தைக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. நெருப்பாக் கொதிக்குது."

அண்ணி என்னைக் கேலியாகத்தான் டீச்சரு என்று கூப்பிடுவாள். அன்று அந்தச் சொல்லில் கேலி இல்லை.

 ஓடிப் போய்ப் பார்த்தபோது அம்மா நடுங்கிக்கொண்டிருந்தாள். போர்வைமேல் போர்வை போட்டும் பல் கிட்டியது. பையில் இருந்தது கலங்கிக் கிடந்தது. என்னைத் தெரிந்ததா என்றே தெரியவில்லை. "கொழுந்து நிறுக்கப் போகணும், கூடையத் தூக்கி விடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

டொக்டரும் தாதியும் விறுவிறுவென்று வேலை செய்தார்கள். பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். சிறுநீரிலும் இரத்தத்திலும் மாதிரி எடுத்து அனுப்பினார்கள். எந்தக் கிருமி என்று தெரிய நாளாகும், அதுவரை காத்திருக்க முடியாது என்று உடனே ஊசிமருந்து ஏற்றினார்கள். கிருமி குழாய் வழியாகப் போய் இரத்தத்தில் கலந்துவிட்டது போலிருக்கிறது என்று டொக்டர் சொன்னாள். பிறகு எங்களைப் பார்த்து, அதட்டாமல்தான், கேட்டாள்.

"பை எப்பவாவது மேலை இருந்ததோ?"

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அண்ணி முந்திக்கொண்டாள்.

"ஆளுக பாக்க வர்றப்ப மட்டுந்தாங்க வச்சேன்." அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அப்பாவும் சித்தப்பாவும் வந்தாங்க. ஆம்பளைக. மூத்திரப் பை அவங்க கண்ணு முன்னாடி தொங்குதுன்னு அத்தை அழுதுட்டாங்க. எடுத்து மறைன்னாங்க. போர்வைக்குள்ள, பக்கத்துல வச்சேன். மத்த நாள்லயும் ஆளு வர்றப்ப அப்படித்தான். அவங்க போனதும் எடுத்துத் தொங்கவிட்டுருவேன். கையெல்லாம் கழுவிட்டுத்தாங்க தொட்டேன்."

 தாதிக்கு முழுவதும் விளங்கியிருக்காது, ஆனால் போர்வை என்ற சொல்லும் அண்ணியின் முகமும் விளங்கியிருக்கும். அண்ணியின் தோளில் கை வைத்தாள். டொக்டர், "அது ஒண்டுதான் காரணம் எண்டு சொல்ல ஏலாது" என்றாள். வயசு, அம்மாவுக்கு முன்பிருந்தே இருந்த சீனி வருத்தம், தண்ணீர் குடிக்காதது, குழாய் ரெண்டாம் முறை போட வேண்டி வந்தது, எல்லாம் சேர்ந்தது என்றாள். அவள் சொன்னது உண்மையாகவே இருக்கும். ஆனாலும் எனக்கு அந்தப் போர்வைப் புடைப்புத்தான் கண்ணில் நின்றது. தோடம்பழம் என்று நினைத்தேனே என்று உள்ளுக்குள் குமைந்தேன்.

அண்ணியைப் பார்த்து ஏதாவது கத்திவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. கத்தவில்லை. கத்த என்ன இருக்கிறது? எந்த மாமியார் அழுதாலும் எங்கள் தோட்டத்தில் எந்த மருமகளும் அதைத்தான் செய்திருப்பாள். பெற்ற தகப்பன் முன்னால் மாமியாரின் மானத்தைக் காப்பாற்றினாள். கையையும் கழுவினாள். பை மேலே இருக்கக் கூடாது என்று நான் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கொஞ்ச நேரம்தானே என்று நினைத்திருக்கிறாள். நானாக இருந்தாலும் நினைத்திருப்பேன்.

ஊசிமருந்து ஏறிய பிறகு ஒரு பகல் அம்மா தெளிந்தாள். கண் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு வெடித்துப் போயிருந்தது.

"தண்ணி குடு புள்ள."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. கரண்டியால் கொடுத்தேன். குடித்தாள். இன்னும் கேட்டாள். கொடுத்தேன். சின்னப் பிள்ளைபோல் வாயைத் திறந்து திறந்து காட்டினாள். "நல்லா இருக்கு" என்றாள். ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீர், கொதிக்க வைத்து ஆற வைத்தது. அதில் என்ன நல்லா இருக்கும்? ஆனால் அவள் அதை ருசித்துக் குடித்தாள். நான் மறுபக்கம் திரும்பி அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அண்ணன் வந்ததும் அவனிடம் கேட்டாள். "முடிஞ்சிருச்சாடா?"

"முடிஞ்சிருச்சும்மா. கதவு மட்டும்தான் பாக்கி."

"தாப்பாள மறந்துறாத."

அதுதான் அவள் எங்களோடு தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. அன்று சாயந்தரமே இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகம் வேலையை நிறுத்திக்கொண்டது. பை வற்றிப்போய்த் தொங்கியது. எந்தக் கிருமி, எந்த மருந்து அதற்குச் சரி என்ற முடிவு வந்தபோது மருந்தை மாற்றினார்கள். உடம்பில் அதைத் தாங்குகிற தெம்பு இல்லை. அந்தச் சிங்களத் தாதி தன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அங்கே வந்து எட்டிப் பார்த்தாள். அம்மா போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். என்னிடம் கோபம் என்று ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும்.

அம்மா வீட்டுக்கு வந்தாள். நடந்து அல்ல.

அண்ணன் ஒருவரோடும் பேசாமல் முதலில் அந்தக் கதவைப் போட்டான். உள்பக்கம் தாப்பாளையும் வைத்தான். நாங்கள் தடுக்கவில்லை. அவன் ஆணி அடிக்கிற சத்தமும் முன்வாசலில் ஒப்பாரியும் சேர்ந்து கேட்டன. பிறகு சனம் வரத் தொடங்கியது. லுணுகலையிலிருந்து, மற்றத் தோட்டங்களிலிருந்து, அப்புத்தளையிலிருந்து அதே வேனில் அதே சம்பந்தி வீட்டார். அண்ணியின் அப்பா அம்மாவின் காலடியில் நின்று முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

வந்த பெண்களில் யாரோ ஒருத்தி பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், அதற்கப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். அம்மாவுக்கென்று கட்டிய இடத்தில், அம்மா ஒருமுறைகூட உட்காராத இடத்தில், துக்கத்துக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் அந்தக் கதவின் முன்னால் நின்று எல்லோரையும் விரட்டிவிடலாம் என்று எழுந்தேன். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் அம்மாவோடு மலையில் நின்ற பெண்கள். கும்பலில் ஒரு கிழவி உள்ளே போய்த் தாப்பாள் போடும் சத்தம் கேட்டது. நான் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கருமாதி முடியும்வரை அங்கேயே இருந்தேன். அந்த நாட்களில் அண்ணி என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சோறு போட்டாள், பாய் விரித்தாள், என் துணியையும் சேர்த்துத் துவைத்தாள். உங்கமேல எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி என்று சொல்ல நினைத்து நினைத்து, சொன்னால் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

கருமாதிக்கு மறுநாள் காலை அண்ணி மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். இருட்டுப் பிரியாத நேரம். நான் முந்தி எழும்பித் தேத்தண்ணி போட்டேன், அவளுக்கு நான் செய்யக்கூடியது அதுவாவது என்று. கோப்பை நிறைய ஊற்றிக் கொடுத்தேன். அவள் நின்றபடியே குடித்தாள். பாதி இறங்கியதும் அடுப்படியில் வைத்தாள், அம்மா வைக்கிற அதே இடத்தில்.

"போதும் டீச்சரு. மலைக்குப் போறேன்ல."



"முழுசாக் குடிங்க அண்ணி" என்றேன். அதட்டலாகச் சொல்ல நினைத்தேன், கெஞ்சலாகத்தான் வந்தது. "அதான் வீட்டுலயே கட்டியாச்சே."

அன்றுதான் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"வீட்டுல இருக்கு டீச்சரு. மலையில இல்லையே."

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.  குடித்துவிட்டு அவள் எங்கே போவாள்? அம்மா வேலை பார்த்த அதே மலைக்குத்தான் அவளுக்கும் பெயர் போட்டிருக்கிறார்கள். அண்ணிக்கு வயதும் அதிகமில்லை. இன்னும் எத்தனையோ வருஷம் அவள் அந்த மலையில் நிற்க வேண்டும்.